பழைய வழியில் வந்தவனுக்குப் பதில்

அன்றைய காற்றில் காசிமேட்டு நாய் ஒன்று குரைத்தது எண்ணூர் நாயின் காதில் விழுந்தது. அது திருப்பிக் குரைத்தது இன்னும் வந்து சேரவில்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தக் காற்றில்தான் அம்புரோஸின் படகு எஞ்சின் செத்து, எண்ணூர்ப் பக்கம் கப்பல் போகிற வழியில் எங்கோ மிதந்துகொண்டிருந்தது. "எஞ்சின் போச்சு" என்று சொன்னதோடு வயர்லெஸ்ஸும் அடங்கிவிட்டது. மிச்சம் இருந்தது படகிலிருந்த பழைய சேட்டிலைட் பெட்டி ஒன்றுதான். படகு நிற்கிற இடத்தை அது ராயபுரத்தில் எங்கள் மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். திரையில் மற்ற படகுகள் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அம்புரோஸைக் காணோம்.

தேடிப் போகத் தன் படகின் எஞ்சினை ஓடவிட்டபடி சுஃபியான் துறையிலிருந்து எனக்குப் போன் போட்டான். "எங்க போறது நைனா? வடக்கயா, கெழக்கயா? எடத்த சொல்லு, பறந்துகினு போறேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் சங்கமித்ரா. வியாசர்பாடிப் பெண், ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறாள், இந்த மிஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அம்புரோஸின் மனைவி வியாகுலம்மாள் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்திருந்தாள்.

"அந்தப் பொட்டி பேசுதா இல்லியா?"

"பேசுதுக்கா. இந்தா பாரு, நம்ம கதவத் தட்டிகினே கீது. கெர்னலு தொறக்க மாட்டேங்குது."

"அது யாரு?"

"லினக்ஸோட மண்ட. யார உள்ள வுடணும், யாருக்கு எந்த ஒயர்ல பதில் போவணும்னு அதான் முடிவு பண்ணும். அண்ணன் பொட்டி மொதல்ல வணக்கம் வெக்கும். நாம திருப்பி வெச்சாதான் எங்க கீறேன்னு சொல்லும்."

கெர்னலின் புலம்பலை எழுதிக் காட்டும்படி அவள் ஏதோ தட்டினாள். எழுத்து வந்தது. வந்தவன் செவ்வாய்க் கிரகத்தான் என்று அதில் இருந்தது. நம்ப முடியாத விலாசத்திலிருந்து வருகிறவனை அது அப்படித்தான் எழுதுமாம்.

"இன்னாது?" என்றாள் வியாகுலம்மாள். "எம் புருசனுக்கு ரேஷன் கார்டே ராயபுரத்துல கீதுடி!"

சங்கமித்ரா சிரிக்கவில்லை. "போன வாரம் ஐஸ் கம்பெனி வெள்ளத்துரை அண்ணாச்சி ரெண்டாவதா ஒரு நெட் லைன் குடுத்தாரே நைனா, அதுலேர்ந்து வெளிய போறதெல்லாம் அந்த ஒயர்லதான் போவுது. அம்புரோஸ் அண்ணன் பொட்டி மட்டும் பழைய ஒயர்ல வருது. 'உனக்கு பதில் அந்தப் பக்கம்ல போவணும், நீ ஏன் இந்தப் பக்கம் வர்ற? போலி'ன்னு கெர்னலு தூக்கிப் போடுது."

"அப்ப ஐஸ் கம்பெனி ஒயரைப் புடுங்கு" என்றேன்.

"புடுங்குனா மத்த போட்டுங்க மறஞ்சிடும். அதுங்கல்லாம் அதுலதான் பேசுது."

சங்கமித்ரா கெர்னலின் சந்தேகத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள். கதவு திறந்தது. வியாகுலம்மாள் மாதாவைக் கூப்பிட்டாள். புள்ளி மட்டும் வரவில்லை.

"சே! பதிலும் ஐஸ் கம்பெனி ஒயர்லயே போவுது. பழைய விலாசத்த சொமந்துகினு புது ஒயர்ல போனா அந்த லைன்காரன் வுட மாட்டான்."

மறுபடி சுஃபியான். "நைனா, கப்பல் ஒண்ணு உள்ள வருது. மலையாட்டம் கீது. ஃபைபர் போட்டெல்லாம் அவன் கண்ணுக்கே தெரியாது."

அவன் சொன்னதை நான் உரக்கத் திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாது. சங்கமித்ரா அடித்த வரியில் தப்பு என்று திரை சொன்னது.

"அக்கா, கைய எடு. நடுங்குது."

"எங்கையா, உன் தோளா?"

சங்கமித்ரா மறுபடி தட்ட ஆரம்பித்தாள். பழைய ஒயருக்கென்று தனியாக ஒரு வழிப்பட்டியல் போட்டாள். பழைய வழியில் வந்தவனுக்குப் பழைய வழியிலேயே பதில் என்று அதற்கு ஒரு விதியை எழுதி, பட்டனைத் தட்டினாள்.

திரை அசையவில்லை.

"இன்னாடி ஆச்சி?"

"அண்ணன் பொட்டி கதவத் தட்றது நின்னுடுச்சிக்கா."

அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சுவர்ப் பல்லிகூட விடவில்லை, நான் பார்த்தேன். காற்று ஜன்னலைப் போட்டு அடித்தது. பிறகு கறுப்புத் திரையில் ஒரு வரி, அடுத்தது, அதற்கும் அடுத்தது. கப்பல் வழியின் நட்ட நடுவில் புள்ளி விழுந்தது.

இடத்தைச் சொன்னேன். சுஃபியான் போன வேகத்தில் படகின் அடிப்பக்கம் நனையவே இல்லை. கப்பல் சங்கு ஊதிக்கொண்டே கிட்டே வந்துவிட்டது. அதற்குள் கயிற்றைப் போட்டு இழுத்துவிட்டான்.

துறையில் கால் வைத்ததும் அம்புரோஸ் கத்தினான். "எத்தினி தபா கூப்ட்டேன்! ஒரு நாதாரியும் எடுக்கல. கலீஜ் பொட்டின்னு ஆஃப் பண்ணிட்டேன். கடல்ல வீசலாம்னு கையயும் ஓங்கிட்டேன்."

"அப்பறம்?" என்றாள் சங்கமித்ரா. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாத வட்டி கட்டி வாங்குன பொட்டியாச்சே. கடைசியா ஒரு தபா போட்டுப் பாப்போம்னு போட்டேன். பச்ச லைட் எரிஞ்சிது."

வியாகுலம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.