டீ நிறத்துத் தண்ணீர்

"இது மீன்தொட்டியா, டீக்கடையா?" என்றாள் அண்ணி.

"கட்டையிலேர்ந்து இறங்கற சாயம் அண்ணி. மீனுக்கு நல்லதுதான்."

"முப்பது வருஷமா சாயத்தைப் போக்கறவகிட்டயே சாயத்தோட பெருமையைப் பேசறியா?"

நாத்தனார் சிரித்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். எதையும் பக்கத்தில் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். அண்ணன் இறந்துபோன பிறகு, அண்ணிக்குக் கொஞ்ச நாள் துணைக்கு என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். கீழே அண்ணியின் சலவைக் கடை, மேலே இரண்டு அறை. பெண்கள் விடுதியில் அவளுடைய அறை இன்னும் அவள் பேரில்தான் இருந்தது. வைத்துக்கொள்கிறாயா, விடுகிறாயா, மாதக் கடைசிக்குள் சொல் என்று வார்டன் கேட்டிருந்தாள்.

வந்த இரண்டாவது வாரமே கிழக்கு ஜன்னலில் இந்தத் தொட்டியை வைத்தாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சலித்த தோட்ட மண், அதன்மேல் மணல், மணலில் நெருக்கமாகச் செடிகள், நடுவில் ஒரு மரக்கட்டை. மோட்டார் கிடையாது.

"காத்து விட வேணாமா?"

"செடி விடும். கீழ நாள் முழுக்க மெஷின் உறுமுது. மேல ஒண்ணாவது வாயை மூடிட்டு இருக்கட்டும்."

"என்னைச் சொல்றியா?"

"மெஷினைச் சொன்னேன்."

மூன்று வாரம் வெறும் செடிகள். பிறகு ஆறு கப்பி மீன்கள். காலை வெயில் தொட்டிக்குள் இறங்கும்போது அந்தப் பழுப்பு பொன்னாகிவிடும். இலை ஓரங்களில் குமிழ்கள் அரும்பி, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகும். கீழே மெஷின் ஓடும் அதிர்வில் நீர்ப்பரப்பு மெல்லச் சிலிர்க்கும். திரைச்சீலைகூடச் செடி மாதிரி அசையும். இஸ்திரி போட எடுத்த சட்டையைக் கையில் பிடித்தபடியே அண்ணி நின்றுவிடுவாள். தான் நிற்பதும் தண்ணீருக்குள்தானோ என்றிருக்கும்.

'இங்கேயே இருந்துடேன்' என்று மட்டும் சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. விடுதியில் மீன்தொட்டி வைக்க விடமாட்டார்கள். தொட்டி நன்றாக இருந்தால் இவள் போகமாட்டாள். தண்ணீரோ நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போகிறது. அண்ணியின் கணக்கு இப்படி ஓடியது.

ஒரு வியாழக்கிழமை, நாத்தனார் வேலையில் இருந்தபோது, அண்ணி மீன்களை ஒரு வாளியில் பிடித்து வைத்துவிட்டு, சொம்பு சொம்பாக அத்தனை தண்ணீரையும் மொண்டெடுத்தாள். கட்டையைத் தேய்த்துக் கழுவினாள். குழாய்த் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, மீன்களை விட்டாள்.

சாயங்காலம் படியேறி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அண்ணி, என்ன பண்ணீங்க?"

"பளிச்சுன்னு இருக்குல்ல?"

ஆறு மீனும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்கும். மூச்சு முட்டுது அதுங்களுக்கு."

அண்ணியின் முகம் தொங்கிப்போனது.

"பழைய தண்ணி எங்க?" நாத்தனார் நம்பிக்கையில்லாமல்தான் கேட்டாள்.

"கீழ, பெரிய டப்ல."

"கொட்டலையா?"

"எந்தத் தண்ணியை நான் அன்னிக்கே கொட்டியிருக்கேன்? பட்டன் இருக்கும், கம்மல் இருக்கும். ஒரு தடவை பல் செட்டே இருந்தது. மறுநாள் தெளிஞ்சப்புறம் துழாவிப் பாத்துட்டுத்தான் கொட்டுவேன்."

டீ வடிகட்டியால் மீன்களை ஒரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டு இருவரும் இறங்கி ஓடினார்கள். வெள்ளை டப்பில் அந்தப் பழுப்புத் தண்ணீர், இலைத் துணுக்குகளோடு அப்படியே இருந்தது. டப்பின் உள்சுவரில், செடிகளோடு வந்த இரண்டு நத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. மீன்களை விட்டார்கள். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது.

"படுத்துடுச்சே."

"பேசாதீங்க. பாருங்க."

அண்ணி எழுந்துபோய் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வேலை நேரத்தில் அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. துணி மூட்டைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். வாசல் வழியே வந்த சாய்ந்த வெயில் தண்ணீரில் நீண்டு கிடந்தது. தொங்கவிட்ட புடவைகளின் நிழல் அதற்குள் ஆடியது.

"நீ போயிடுவியோன்னு பயமா இருந்தது," என்றாள் அண்ணி, தண்ணீரைப் பார்த்தபடியே.

"அதுக்கா கழுவினீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது அதுதானே."

ஒவ்வொரு மீனாக மேலிருந்து கீழே இறங்கியது. சாய்ந்து கிடந்தது மட்டும் வெகுநேரம் அப்படியே கிடந்தது. பிறகு வாலை ஒரு தரம் உதறி, இலைத் துணுக்குக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"ஒரு நாள் இங்கயே இருக்கட்டும். அப்புறம் இந்தத் தண்ணியையே மேல கொண்டுபோய் ஊத்தணும்."

"அழுக்கோடயேவா?"

"அழுக்கோடயேதான்."

அண்ணி பெருமூச்சு விட்டாள். நாத்தனார் வடிகட்டியை உதறிக்கொண்டே எழுந்தாள்.

"விடுதியில என் போர்வை ஒண்ணு கிடக்கு. நாளைக்குச் சாவியைக் குடுத்துட்டு அதை எடுத்துட்டு வந்துடறேன். துவைக்கணும்."

அண்ணி டப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"கறை இருக்கா?"

"இருக்கு. டீ கறை."

"அதை எங்கிட்ட விட்டுடு. நீ கை வைக்காத."