அத்தானின் சோதனைச் சுற்று

அக்கா வீட்டுக்காரருக்கு அன்று சோதனை. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் பழைய நகரம் ஒன்றில், பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலை. மேற்பார்வையாளர் கூடவே நடந்து பார்ப்பார். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் மாமனார் வீட்டுச் சோறு.

"யாருமே கேள்வி கேக்கலைன்னா நான் தொலைஞ்சேன்," என்று முந்தின நாள் புலம்பினார்.

பயணிகளைப் போல நாமே போய்க் கேட்டால் என்ன என்பது என் யோசனை. நான் படிக்கும் மாலை வகுப்பில் எதையும் திட்டமிட்டுச் செய்யச் சொல்கிறார்கள். முதலில் தபால் நிலையம். அங்கே பெரியப்பா கேட்பார். அடுத்தது சிறை, அம்மா. கடைசியாக ஆளுநர் மாளிகையின் நடன மண்டபம்; நான். கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்தேன். அத்தானைத் தெரிந்ததாகவே காட்டக்கூடாது என்றேன். கூட்டத்தில் எங்களைக் கண்டதும் அத்தானுக்கு வியர்த்துவிட்டது.

தபால் நிலையத் தூண்களுக்கு அன்று காலைதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். காயட்டும் என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, சுற்றைச் சிறையில் தொடங்கினார்கள். என் திட்டத்தில் சுண்ணாம்பு இல்லை. பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"இங்க ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் வரும்?"

எல்லோரும் இரும்புக் கம்பிகளைப் பார்த்தார்கள். தொப்பி போட்ட ஒருவரும் கை தூக்கியிருந்தார், இறக்கிக்கொண்டார்.

அத்தான் கம்பிகளைக் கை காட்டினார். "கைதிங்களுக்குத்தானே கேக்கறீங்க சார்? மாசத்துக்கு ஒண்ணு. அதையும் அதிகாரி பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் கொடுப்பார்."

"தபால்தலையை எங்க ஒட்டுவாங்க?"

"உறை மேலதான் சார்."

அடுத்து நடன மண்டபம். தொப்பிக்காரர் வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள். இரண்டாவது இடம் தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"இதுக்குள்ள ஒரே நேரத்துல எத்தனை பேரை அடைச்சு வைப்பாங்க?"

மேற்பார்வையாளரின் புருவம் ஏறியது. எல்லாம் என் மூளை செய்த வேலை.

"நூறு ஜோடிங்க அம்மா," என்றார் அத்தான் சிரிக்காமல். "அடைச்ச மாதிரிதான். ஆளுநர் கிளம்பற வரைக்கும் யாரும் கிளம்பக்கூடாது. கால் வலிச்சாலும் ஆடணும்."

கூட்டம் சிரித்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை! கொஞ்சம் தண்ணி குடிங்க, தொண்டை கட்டிடப்போகுது."

தபால் நிலையத்துக்கு வந்ததும் மேற்பார்வையாளர் கேட்டார்: "இவங்கல்லாம் யாருப்பா?"

"மாமியார் சார். அவர் பெரிய மாமனார்," என்றார் அத்தான், தலை குனிந்து. என்னை விட்டுவிட்டார். நல்லவர்.

மேற்பார்வையாளர் தொப்பிக்காரர் பக்கம் திரும்பினார். "என்னய்யா, தொல்லை கொடுக்கறதுக்குன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தா, வாயே திறக்காம வர்றே?"

"எங்க சார் விட்டாங்க? நான் யோசிச்சு வச்ச கேள்வியெல்லாம் இவங்க முன்னாடி ஒண்ணுமே இல்ல சார்!"

மேற்பார்வையாளர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதை விடத் தொல்லையான கூட்டம் உனக்கு வராதுப்பா. நாளைலேருந்து நிரந்தரம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பாவுக்கு மட்டும் ரோஷம்.

"தொல்லையா? சரியான இடத்துக்கே இப்பத்தானே வந்திருக்கோம்," என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்கியபடி தூணில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சுண்ணாம்பு இன்னும் காய்ந்திருக்கவில்லை.