மலிவுப் போர்டும் மூன்று கேபிள்களும்

மூன்றாவது கேபிளையும் குத்திப் பார்த்தாயிற்று. ஜெயக்காந்தனின் போர்ட் இன்னும் செத்தது போலக் கிடந்தது.

சின்ன ரோபோக்களுக்கு மூளையாக இருக்கும் விரலளவு போர்ட் அது. அசலின் விலை கட்டாது என்று பல நாள் இணையத்தில் தேடி, சீனத்து நகல் ஒன்றை எடுப்பித்து, தானாக ஓடும் சின்னப் படகொன்று செய்திருந்தார். நாளை உட்துறைமுகத்தில் அப்படியான படகுகளுக்குப் போட்டி. இன்று பின்னேரம் படகு அசைவதைக் காட்டினால்தான் பெயர் பதிவார்கள். அதற்கு மடிக்கணினியிலிருந்து கட்டளைகளைக் கேபிள் வழியே போர்டுக்குள் ஏற்ற வேண்டும்.

"போலி எண்டா இப்பிடித்தான் போல," என்றார்.

"போலி வேலை செய்யாட்டி நான் இந்தக் கடையில எதை விக்கிறது, அண்ணன்?" என்றான் கைபேசிக் கடை அஸீம். அந்தக் கேபிளையே தன் கடைப் போர்டில் குத்தினான். அதிலும் விளக்கு எரியவில்லை. "காலையில நல்லா இருந்த கேபிள் இது."

ஜெயக்காந்தன் தன் போர்டைத் தள்ளி வைத்தார். "என்ர போர்டில இருந்து வருத்தம் தொத்துதோ, தம்பி?"

அஸீம் கேபிளின் முனையைத் துடைத்தான். விரல் கறுத்தது. "உங்கட போர்ட் ஓட்டைக்குள்ள என்ன வெச்சீங்க?"

"கிறீஸ்."

சல்லிக் கிராமத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். உப்புக்காற்றுப் படும் எந்த இணைப்பையும் கிறீஸ் பூசாமல் மூட அவருக்குக் கை வராது.

"பூசாட்டித் துருப்பிடிக்குமே."

"எஞ்சினுக்குச் சரி. இது நுளம்பு வாய் மாதிரி ஓட்டை. அடைச்சு வெச்சிருக்கிறீங்க."

"வேற போர்ட் வாங்க ஏலாது, தம்பி. வாங்கினாலும் நாளைக்கு வந்து சேராது."

அஸீம் பல்துலக்கியை ஸ்பிரிட்டில் தோய்த்து அந்த ஓட்டையைத் தேய்த்தான். கேபிள்களையும் கழுவினான். சிவப்பு வெளிச்சம் ஒருமுறை மினுங்கி, பிறகு நின்று எரிந்தது. கட்டளைகள் ஏறின. பூசினால் அடைக்கும், பூசாவிட்டால் துருப்பிடிக்கும். எது சரியென்று யோசித்தபடியே ஜெயக்காந்தன் துறைமுகத்துக்குச் சைக்கிளை மிதித்தார்.

அங்கே பெயர் பதியும் குணமணி பெரிய தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். ஜெயக்காந்தன் அதில் படகை விட்டார். அது உறுமி, பின்பக்கமாகப் போய்ச் சுவரில் முட்டியது.

"இது பின்னுக்கெல்லோ போகுது, அண்ணை?"

"ஓம். ஏனெண்டு எனக்கும் தெரியேல்ல."

"அசையோணும் எண்டு மட்டும்தான் விதி," என்று சொல்லி அவர் பெயரை எழுதிக்கொண்டார் குணமணி.

ஜெயக்காந்தன் படகைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது இதில் எது முன்பக்கம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.