இன்னும் பெட்டி வரவில்லை

கூட்டமில்லாத மதியம். கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, அவள் போனில் இருந்த அந்தப் பொத்தானை மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். சாம்பல் நிறப் பொத்தான் மசியவில்லை. ‘இந்த வசதி உங்கள் பகுதியில் இன்னும் கிடைக்கவில்லை’ என்ற வரி மரியாதையாக எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

"எத்தனை தடவை அமுக்கினாலும் அதேதான் சொல்லும்மா. அது என்ன லிஃப்ட்டா?" என்றார் முதலாளி, பிரேம்களைத் துடைத்தபடியே.

கடையில் எல்லோரும் பயன்படுத்துகிற ஏஐ செயலிதான். கண்ணாடி தயார் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி எழுதிக்கொடுக்கும்; சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்யும். அதில் இப்போது புதிதாக ஒன்று வந்திருந்தது. ஓர் இடத்தை வாயால் விவரித்தால் போதும். அதைக் கட்டியெழுப்பி, போனைக் கையில் பிடித்தபடி உள்ளே நடக்க விடுமாம். உலகத்தில் சில நாடுகளுக்கு மட்டும்.

அவளுக்கு அரண்மனை எதுவும் வேண்டாம். பேருந்துப் பணிமனைக்கு எதிரே, மாடியில், அம்மாவும் அண்ணனும் அவளுமாக வாடகைக்கு இருந்த இரண்டு அறைகள் போதும். அந்தக் கட்டடம் இப்போது கார் நிறுத்துமிடம். உள்ளே எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. வெளிச்சம் போதாது என்று படமெடுக்க எல்லோரையும் மொட்டைமாடிக்கு விரட்டிவிடுவார்கள். அதனால் எல்லாப் படத்திலும் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

வீட்டை நினைவு வைத்திருக்க இன்னும் ஓர் ஆள் உண்டு. ஆனால் போன வருடம் அம்மா இறந்து, எல்லாம் முடிந்து, வெளிநாட்டுக்குத் திரும்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம், "அம்மாவோட தையல் மெஷின் ஜன்னல் ஓரமாத்தானே இருந்துச்சு?" என்று அவள் கேட்டபோது, அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? அதெல்லாம் போச்சு" என்று பெட்டியின் ஜிப்பை இழுத்தான்.

அந்த ஜிப் சத்தம் அவளுக்குள் இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்த வீட்டில் அவள் மட்டும்தான் குடியிருந்தாளா?

சாம்பல் பொத்தானைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. புதுப்படங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பெரிய நகரத்தில்தான் முதலில் வரும். அங்கே ஓடித் தேய்ந்து, வேறு நாலு ஊர் சுற்றி, மழை பெய்வதுபோல் கோடு விழுந்த பிறகுதான் படப்பெட்டி அவர்கள் ஊரின் ஒரே தியேட்டருக்கு வந்து சேரும். அதுவரை ஊரே காத்துக் கிடக்கும். அவள் காத்திருந்ததில்லை. அவளுக்கு அண்ணன் இருந்தான்.

லாரி ஓட்டுகிற மாமாவோடு தொற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய்வருவான். அன்று சாயங்காலம் இரும்புக் கட்டிலில் மல்லாந்து படுத்து, கூரையில் ஊறியிருந்த ஈரக்கறையைப் பார்த்தபடி படத்தைச் சொல்வான். சண்டை, மழை, கப்பல் எல்லாம் வரும். "புளுகு மூட்டை, கொஞ்சம் குறைச்சு அளந்து விடுடா" என்று அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் முக்கியமான கட்டம் வந்தால் மெஷின் தானாக நின்றுவிடும்.

ஒரு தடவை, கடைசிக் காட்சியில் வெள்ளைக் குதிரை ஒன்று தீக்குள் பாய்ந்து வந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல மாதம் கழித்துப் பெட்டி வந்து, படத்தை நேரில் பார்த்தால் தீயும் இல்லை, குதிரையும் இல்லை. கதாநாயகன் ஆட்டோவில் வந்து இறங்கினான். மாமா அண்ணனைத் தியேட்டர் வாசல்வரைகூட அழைத்துப் போனதில்லை என்பதும், லாரி ஜன்னல் வழியே போஸ்டரைப் பார்த்ததோடு சரி என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

இப்போது அவனோடு பேச்சு என்றால், ‘சாப்பிட்டியா, உடம்பு எப்படி’ என்பதோடு முடிகிற பேச்சுதான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"அண்ணா, எனக்கு ஒரு உதவி. வாயால சொன்னா இடத்தைக் கட்டிக் காட்டுமே, அது உங்க நாட்டுல வந்திருக்கும்ல? எல்லாமே அங்கதானே முதல்ல வருது."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ம்… வந்திருக்கு."

"அப்ப நான் சொல்லச் சொல்ல நம்ம வீட்டை அதுகிட்ட சொல்லேன். உனக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லையே. நான் சொல்றேன், நீ வெறும் தபால்காரன்."

"சரிங்க மேடம்."

அவள் படியிலிருந்து ஆரம்பித்தாள். இருட்டான படிக்கட்டு, உடைந்த கைப்பிடி, நீலக் கதவு. சிறிது நேரம் விரல் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரலைச் செருமிக்கொண்டான். "வந்துடுச்சு. கதவைத் தள்ளறேன். கீழ உரசுது குட்டி, கொஞ்சம் தூக்கித் தள்ளணும்."

"எனக்குக் காட்டேன்!"

"அனுப்பினா உன் பக்கம் திறக்காதாம். படம் எடுத்துப் பார்த்தேன், கறுப்பா விழுது. ஏரியா பூட்டு போட்டிருக்கான்."

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவன் சொல்லத் தொடங்கியதும் எரிச்சல் எங்கோ போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியே பணிமனையிலிருந்து டீசல் வாடை வருகிறது என்றான். வாடை எப்படிப்பா வரும் என்று அவள் கேட்கவில்லை. கட்டிலில் படுத்தால் கூரையில் ஈரக்கறை, அச்சு அசல் விமானம் என்றான்.

"வாத்து," என்றாள் அவள்.

"விமானம்டி. இறக்கை தெரியுது பாரு."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குள் போனார்கள். கடையில் வாடிக்கையாளர்களின் கண்முன் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம்தான். ஒரு வாரம் அவன் தையல் மெஷினிடம் வந்தான்.

"ஜன்னல் ஓரமாத்தான் இருக்கு. சாயங்கால வெயில் விழுது. ஊசிக்கடியில பச்சைத் துணி. பாதி தைச்சு நிக்குது."

"பச்சைத் துணியா? நம்ம வீட்ல ஏது பச்சைத் துணி? அம்மா காக்கிச் சட்டைதானே தைச்சுக் கொடுப்பாங்க, பணிமனைக்கு."

"தெரியல. இருக்கு."

"அதுவா சொந்தமா சேர்க்குது. அழிக்கச் சொல்லு."

"அழிக்க வழி இல்ல குட்டி," என்றான்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது போன் சிணுங்கியது. பொத்தான் நீலமாகியிருந்தது. அவள் கைப்பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து, படிக்கட்டிலிருந்து தொடங்கி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வீடு எழுந்தது. நீலக் கதவு, பளபளப்பாக. வழுவழுவென்று திறந்தது. எங்கும் உரசவில்லை. தரை மினுங்கியது. ஜன்னலுக்கு வெளியே பணிமனை ஒரு பூங்காவைப்போல் துடைத்துவிடப்பட்டிருந்தது. கறையைச் சொன்னாள், கூரையில் வட்டமாக ஒரு கறை பூத்தது. அது வாத்தும் இல்லை, விமானமும் இல்லை. யாரோ காசுள்ளவர்களின் வீட்டுக்குத் தவறி நுழைந்துவிட்டவள்போல் அவள் நடு அறையில் நின்றாள்.

அண்ணன் பார்த்த வீடு இதுவல்லவே. அவனிடம் மட்டும் எப்படி அத்தனை சரியாக வந்தது?

அப்போதுதான் அண்ணன் மகளின் செய்தி வந்து விழுந்தது. "அத்தை! உங்களுக்கும் ஓபன் ஆயிடுச்சா? எங்க நாட்டுக்கும் இன்னைக்குத்தான் விட்டான். அப்பாகிட்ட போட்டுப் பாருங்கன்னா, தனக்கு வேண்டாமாம்!"

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எதிரே சுவரில் எழுத்துப் பலகையின் கடைசி வரி கலங்கித் தெரிந்தது.

"என்னம்மா, கண்ணுல தூசியா?" என்றார் முதலாளி.

"ஆமா சார்," என்று சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க பெட்டி வந்துடுச்சு."

அவன் உடனே புரிந்துகொண்டான். மாட்டிக்கொண்ட பழைய குரலில் கேட்டான்.

"குதிரை இருந்துச்சா?"

"எங்க? ஆட்டோல வந்து இறங்கினான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். "ஏன்டா புளுகு மூட்டை, எல்லாம் போச்சுன்னு அன்னைக்கு ஏன் சொன்னே?"

"அன்னைக்கு அந்த மெஷினைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருந்தா, நான் இங்க திரும்பி வந்திருக்கவே மாட்டேன் குட்டி."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி, அந்தப் பச்சைத் துணி? அதையாவது நீயா அளந்தேன்னு ஒத்துக்கோ."

"அடிப்பாவி, ஸ்கூல் நாடகத்துல நான் மரம்டி. அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இலை இலையா வெட்டித் தைச்சாங்க. நீதான் துணியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தே. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தாள். ஆனால் அவன் சொன்ன நொடியில், விரல்களுக்கிடையே வழுக்கி ஓடும் துணியும், கத்தரிக்கோலின் சத்தமும், ‘இழுக்காதடி, கோணிடும்’ என்ற அம்மாவின் குரலும் எங்கிருந்தோ வந்து நின்றன.

முன்னால் வாடிக்கையாளர் யாரோ வந்திருந்தார்கள். முதலாளி எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிவிட்டு, அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இலையை எந்தப் பக்கம் வச்சாங்க? சொல்லு."