அம்மா சொல்லிக்கொடுத்த கூவல்

1.

இந்தக் கதையை எழுதவைத்தவர் ஒரு காது டாக்டர். அம்மாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், கூடிய சீக்கிரம் எதுவுமே கேட்காமல் போகலாம் என்றார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அப்போ அவன் கூவினா நான் எப்படிடி கண்டுபிடிப்பேன்?"

2.

"கடல் அன்று கொந்தளித்துக்கொண்டு—"

[வேண்டாம். அம்மா கடலைப் பார்த்ததே குறைவு. கப்பலின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சை அறையில்தான் இருந்தாள்.]

"1982 ஜூன். மருத்துவமனைக் கப்பலில் எர்மெலிந்தா என்ற அழகிய தாதி—"

[அழகிய என்றால் அம்மா சிரிப்பாள்.]

நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனோடு எங்கள் அர்ஜென்டினா நடத்திய மால்வினாஸ் போரில் காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ஒருவனுக்குக் குளிரில் பாதம் அழுகியிருந்தது; எடுத்தாக வேண்டும். பேச்சிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் கொரியேந்தெஸ் மாகாணத்துக்காரன்.

"பயமா இருக்கா, சமீகோ?"

"பயமில்ல, சமீகா. குளிருது."

எங்கள் ஊரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் 'நண்பா' என்கிற இதே விளிதான். அதனால் இரண்டு பேருக்குமே பெயர் கேட்கத் தோன்றவில்லை. மயக்க மருந்துக்கு முன்னால் அம்மா அவனிடம், "ஒரு சபுகாய் போடு, பார்ப்போம்" என்றாள். அக்கார்டியன் உச்சத்துக்குப் போகும்போது எங்கள் ஆட்கள் நெஞ்சைத் திறந்து விடுகிற கூவல் அது. ஆளுக்கு ஆள் வேறுபடும். அவன் போட்டான். டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

அம்மா அடுத்த மேசைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் படுக்கை காலி. இறந்தானா, கரைக்கு அனுப்பிவிட்டார்களா? விசாரிக்க அவளிடம் பெயர் இல்லை.

3.

முடிவு (அ): அவன் கப்பலிலேயே இறந்துவிடுகிறான்.

அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று முற்றத்தில் உட்கார்ந்து கத்தி வாசித்தேன். பக்கத்து வீட்டு தோன் பசிலியோ மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"பாவம் அந்தப் பையன், கொன்னுட்டியே பொண்ணே! குடிச்ச மாத்தே டீ தொண்டையில இறங்கல."

"உங்கள யாரு கேக்கச் சொன்னா?"

"நீ கத்துற கத்துக்கு ஆத்துக்கு அந்தப் பக்கமே கேக்கும்."

முடிவு (ஆ): அவன் பூங்கொத்தோடு வந்து கதவைத் தட்டுகிறான்.

"பூவா?" அம்மா பாதியிலேயே நிறுத்தினாள். "நம்மூர்க்காரன் கோழிதான்டி கொண்டுவருவான்!" பிறகு சொன்னாள்: "நீயா முடிச்சிடாத. நான் காதால கேக்கணும்."

4.

காது இன்னும் மங்கியது. ஒருநாள் அம்மா என்னை எதிரே உட்காரவைத்தாள். "எனக்குப் பதிலா நீ கேளு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

[எழுத்தில் கொண்டுவர முயன்றேன். "ஈஈ—" இல்லை. "பீயூ—" அதுவும் இல்லை. காகிதத்தில் அது நாய்க்குட்டியின் ஊளை.]

தாழத் தொடங்குகிறது. ஏறுகிறது. உச்சியில் உடைந்து, சிரிப்பாகக் கீழே வருகிறது. நடுவில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"இப்படி இல்ல. அவனோடது இளங்குரல்."

"அம்மா, அவனுக்கும் இப்ப அறுபது தாண்டியிருக்கும்."

இதை நினைத்தே பார்த்திராதவள்போல என்னைப் பார்த்தாள்.

"அப்போ என்னோடது மாதிரியேதான் இருக்கும்."

5.

ஜனவரி. சமமே என்கிற எங்கள் அக்கார்டியன் இசைக்கு விழா. நாற்காலிக் கையில் உள்ளங்கையை வைத்து, மரத்தின் அதிர்விலிருந்து அக்கார்டியனை வாங்கிக்கொண்டிருக்கிறாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு சபுகாய் போடுகிறார்கள். தாழத் தொடங்குகிறது. ஏறுகிறது. உச்சியில் உடைகிறது.

திரும்பிப் பார்க்கிறேன். ஏகப்பட்ட தொப்பிகள்.

அம்மாவுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டால் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "அவன்தானா?" எனக்கு அவன் குரல் தெரியாது. நான் கேட்டிருப்பது அம்மாவின் குரலை மட்டும். தொடாவிட்டால், அவள் இப்படியே சிரித்துக்கொண்டு காத்திருப்பாள்.

என் கை அவள் தோளுக்கு மேலே நிற்கிறது. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. இறக்கவா, எடுத்துக்கொள்ளவா? நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம். பாட்டு முடியப்போகிறது.