துவக்குக்கு ஒரு சந்தனப் பொட்டு

வாகீசன் வாங்கிய பிஸ்டலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத் துவக்குச் சுடும் அந்தக் கிளப்பில் ஒருவரும் இருக்கவில்லை. விற்ற மனிதரே சொல்லவில்லை. கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரிப் பாரமில்லாமல் இருக்கும். கறுப்புப் பூச்சு ஓரங்களில் உரிந்து, உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரியும். சுட்டால் ரவைக் குண்டு இடப்பக்கம் விலகிப் போகும். நடுவில் படவேண்டுமென்றால் கொஞ்சம் வலப்பக்கம் பார்த்துச் சுடவேண்டும். போதாக்குறைக்கு, ஒரே ஒரு கம்பனியின் ரவையைத்தான் அது ஏற்றுக்கொண்டது. வேறு எதைப் போட்டாலும் இரண்டை விழுங்கிவிட்டு மூன்றாவதைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டு நிற்கும்.

"உனக்கு வாய்ச்சது துவக்கில்லை மச்சான், வீட்டோட மாப்பிள்ளை," என்பான் கஸ்பர். "பாத்துப் பாத்துச் சமைச்சுப் போட்டாத்தான் சாப்பிடுவார்."

கஸ்பர் மன்னார்க்காரன். பிளாஸ்ரிக் பக்டரியில் வாகீசனுக்குப் பக்கத்து மெசினில் நிற்பவன். வாகீசனை முதன்முதலாகக் கிளப்புக்குக் கூட்டிவந்ததும் அவன்தான். அவனிடம் இருந்ததும் அதே கம்பனியின் பிஸ்டல். அதே சாம்பல் உலோகம், அதே அடம். ஆகவே அந்தப் பகிடியில் பாதி அவனுக்கே உரியது.

ஸ்காபரோவில் ரயர் கடையொன்றுக்குப் பின்னால், யன்னலே இல்லாத ஒரு கட்டடத்தின் நிலக்கீழில் அந்த இடம் இருந்தது. நீளமான அறை. அந்தக் கோடியில் வெளிச்சம். வெளிச்சத்தில் கறுப்பு வட்டம் போட்ட கடதாசி. சனிக்கிழமைகளில் வாகீசன் அங்கே போய், காதுக் கவசத்தைப் போட்டுக்கொள்வான். அந்தக் கணத்தில் பக்டரி மெசின்களின் இரைச்சல், பேருந்தின் உறுமல், மேல்வீட்டு ரீவி எல்லாம் ஒரே தடவையில் நின்றுபோகும். மூச்சை விட்டு முடித்து அடுத்த மூச்சை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளிக்குள் கறுப்பு வட்டம் மெல்லப் பெரிதாகும். சில வேளை அது ஒரு கிணற்று வாயாக இருக்கும். சில வேளை யாரோ பூட்ட மறந்துபோன கதவாக இருக்கும். ஒருநாள் அது வட்டமாகவே இருந்து, ஆனால் மிகத் தூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கத்தில் நின்றது. விரல் தன்பாட்டில் விசையை அழுத்தும். சின்ன ரவை, சின்னச் சத்தம், சின்ன ஓட்டை.

ஊரில் இருபத்திரண்டு வருடம் இருந்தும் அவன் துவக்கைத் தொட்டதில்லை. துவக்கு எப்போதும் மற்றவர்களின் கையில்தான் இருந்தது. அதன் வாய் எப்போதும் இந்தப் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. இங்கே அது கடதாசியை மட்டும் பார்த்தது. அந்த வித்தியாசத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. அதற்காகத்தான் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பொலிசில் அனுமதி எடுத்து, அந்த மலிவு பிஸ்டலைப் பூட்டுப் பெட்டிக்குள் வைத்து மல்வேர்னில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

மனைவி நிலாணி சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும். சனிக்கிழமை அவன் திரும்பி வரும்போது பின்கதவடியில் துவாயோடு நிற்பாள். செத்தவீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி அவன் நேரே போய்த் தலை முழுக வேண்டும். உடுப்பெல்லாம் நேரே வோஷிங் மெசினுக்குள் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.

"தீட்டோ?" என்று ஒருநாள் கேட்டான்.

"அது எனக்குத் தெரியாது. மணம் பிடிக்கேல்லை."

மணத்தைவிட மோசமானது நித்திரை. பெட்டி அலுமாரிக்குள், இரண்டு பூட்டுக்குப் பின்னால் இருந்தது. இருந்தும் அது வந்த நாளிலிருந்து அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. கண்ணயர்ந்தால் கனவு. காலையில் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டே அதைச் சொல்லுவாள், வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி.

"நேற்று அந்தப் பெட்டி தானாத் திறந்தது. உள்ளுக்கிருந்து ஒரு ஈரக் குடை வந்தது."

"குடையோ?"

"ஓம். விரிச்சபடி. எப்படித்தான் அதுக்குள்ள இருந்துதோ."

இன்னொரு நாள் ஒரு பள்ளிக்கூட மணி வந்தது. இன்னொரு நாள் ஒரு கட்டை மனிதர் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்தார். எவரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் விடியும்வரை எவரும் திரும்பி உள்ளே போகவுமில்லை. அவள் கண்களுக்குக் கீழே மெல்லிய நீலம் படிந்தது. கொலிஜில் கணக்கியல் வகுப்பில் தூங்கி விழுந்ததாகவும் சொன்னாள்.

ஒக்ரோபர் தொடங்கியதும் ஒருநாள், தட்டைக் கழுவிக்கொண்டே முதுகு காட்டியபடி சொன்னாள்: "இஞ்சருங்கோ, நவராத்திரி முடியட்டும். அதுக்குப் பிறகு உந்தத் துவக்கை ஆருக்காவது குடுத்திடுங்கோ. உது இருக்கிற வீட்டில எனக்கு நித்திரை வராது."

வாகீசன் ஓம் என்றான். சொன்ன பிறகுதான், தான் எதற்கு ஓம் சொன்னான் என்பது அவனுக்கு உறைத்தது. சனிக்கிழமைகளின் அந்த இடைவெளி, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன அறை, வாடகைக்கு எடுத்த அறையைப் போல் கைவிட்டுப் போகப்போகிறது. அவளுடைய நித்திரையா தன்னுடைய அமைதியா என்று அவனால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே சாமானின் இரண்டு பக்கமென்றும் தோன்றியது.

அந்தத் தொண்ணூற்றேழாம் ஆண்டில் விசயதசமி சனிக்கிழமையில் வந்தது. முதல்நாள் பின்னேரம், ஆயுத பூசைக்கு, நிலாணி புத்தக அலுமாரியின் நடுத்தட்டைத் துடைத்துச் சரசுவதி படத்தை வைத்தாள். முன்னால் அவளுடைய கணக்கியல் புத்தகங்கள், கல்குலேற்றர், கத்தரிக்கோல், அவனுடைய ஸ்குறூட்றைவர்கள், கார்த் திறப்புக் கொத்து. கிண்ணங்களில் அவலும் கடலையும். வாகீசன் மேலே போய், பெட்டியோடு இறங்கிவந்தான்.

"இதையும் வைக்கட்டே?"

நிலாணி திரும்பிப் பார்த்தாள். "ஆயுதமெண்டா வேலை செய்யிற சாமான். உது என்ன வேலை செய்யுது?"

"கடதாசியில ஓட்டை போடும்."

"ஓட்டை போட என்னட்டை ஸ்ரேப்பிளருக்குப் பக்கத்தில ஒண்டு இருக்கு. சத்தமும் போடாது."

பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். அந்த நிலையில் அவன், பள்ளிக்கூடம் மாறிவந்து எந்த வாங்கில் இருப்பதென்று தெரியாமல் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ஏதோ இளகியது.

"வையுங்கோ," என்றாள். "வைச்சிட்டுப் பக்கத்திலயே நில்லுங்கோ."

விசையில் பூட்டுப் போட்டு, ரவைக்கூட்டைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று யாரும் பார்க்கலாம் என்பதற்காக மேற்பகுதியைப் பின்னால் இழுத்துத் திறந்து வைத்தான். கிளப்பில் பழக்கியது அப்படித்தான்: கையை விட்டு வைக்கும் பிஸ்டல் வாய் திறந்திருக்க வேண்டும். கார்த் திறப்புக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் அது வெட்கத்தோடு கிடந்தது.

நிலாணி கற்பூரம் காட்டினாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்துக்கு ஒன்று. கல்குலேற்றருக்கு ஒன்று. ஸ்குறூட்றைவர்களுக்கு வரிசையாக. பிஸ்டலுக்கு முன்னால் வந்ததும் அவள் விரல் அந்தரத்தில் நின்றது. வாகீசன் மூச்சை விட்டான், அடுத்ததை எடுக்கவில்லை.

அவள் விரலை மீண்டும் கிண்ணத்தில் தோய்த்து, மற்ற எல்லாவற்றையும்விடத் தாராளமாக எடுத்து, அந்தத் திறந்த வாய்க்குள் வைத்து அழுத்தினாள். அங்கேதான் அதற்கு நெற்றி என்று நினைத்தாளோ, பசிக்கிறவருக்கு ஊட்டுவதாக நினைத்தாளோ தெரியாது. அதன்மேல் குங்குமம். அதன்மேல் செவ்வந்தி இதழ் ஒன்று.

ரவை போய் இருக்க வேண்டிய குழிக்குள் சந்தனம் வழிந்து இறங்குவதை வாகீசன் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பான். இப்போது ஏதாவது சொன்னால் அவள் விரல் இனி ஒருபோதும் அந்தப் பக்கம் வராது. கைகூப்பினான்.

"நாளைக்குப் பொழுதுபட முதல் வைச்ச சாமானைத் தொட்டு வேலை தொடங்கவேணும்," என்றாள் நிலாணி. "நானும் வாறன். பொட்டை அழிக்காதேங்கோ. என்ன?"

அழிக்கவில்லை. சட்டப்படி வெளியே விடமுடியாதென்று அவன் சொன்னபோது அவள் தலையாட்டினாள். பூவோடும் சந்தனத்தோடும் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அலுமாரிக்குக் கொண்டுபோனான். கஸ்பர் சொன்ன மாப்பிள்ளை அன்று விருந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் கார் ஷெப்பர்ட் வீதியில் போகும்போது, மரங்களிலிருந்து மேப்பிள் இலைகள் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. சில இலைகள் பாதிவழியில் மனம் மாறி மேலே போயின. நிலக்கீழுக்கு இறங்கும் படியில் நிலாணி வாகீசனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கஸ்பர் முன்னமே வந்திருந்தான். "வாங்கோ தங்கச்சி," என்று எழும்பி, சுவரோடு கிடந்த வாங்குப் பலகையைக் கையால் துடைத்துவிட்டான். காதுக் கவசம் ஒன்றைக் கொடுத்தான். அது அவளுக்குப் பெரிது. தலைக்கு இருபக்கமும் இரண்டு கோப்பைகள் கவிழ்ந்த மாதிரி இருந்தது.

வாகீசன் பெட்டியைத் திறந்தான். கஸ்பர் எட்டிப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

"மச்சான்," என்றான் மெதுவாக. "மாப்பிள்ளைக்குக் கலியாணமோ?"

"பூசையில வைச்சது."

"சரி. சந்தனத்தை ஏன் வாய்க்குள்ள வைச்சனீங்கள்?"

வாகீசன் ரவைக்கூட்டைப் போட்டான். மேற்பகுதி முன்னால் வந்தது, முழுதாக வரவில்லை. கடைசி நகக்கண்ணளவு தூரத்தில் நின்றுகொண்டது. உள்ளே சந்தனம் காய்ந்து சீமெந்தாகியிருந்தது. கஸ்பர் தன் கையை அவன் மணிக்கட்டில் வைத்தான். "சுடாதை. கையிலயே வெடிக்கும். ரவையை வெளியில எடு."

எடுத்தான். பின்னால் திரும்பியபோது நிலாணி கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டபடி, வாங்கை விட்டு எழும்பி வந்திருந்தாள்.

"நான் வைச்ச சந்தனமோ?"

"இல்லை, ரவை சரியில்லை..." என்று தொடங்கினான். கஸ்பர் கூரையைப் பார்த்தான்.

"நேற்றுப் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள். ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீர் அதைத் தொட்டதே எனக்குப் பெரிசு."

நிலாணி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "விசர்," என்றாள். ஆனால் அந்தச் சொல் கோபமாக வந்து சேரவில்லை.

"என்ரை இருக்குத் தங்கச்சி, அதைக் குடுக்கிறன்," என்றான் கஸ்பர்.

"வேண்டாம் அண்ணை. பூசையில வைச்சது எங்கடையெல்லோ."

எங்கடை. வாகீசன் அந்தச் சொல்லைக் கேட்டும் கேட்காதவன் மாதிரி, மேசையில் பேப்பரை விரித்துப் பிஸ்டலைக் கழற்றினான். ஒரு கம்பிச்சுருள், குழல், மேற்பகுதி, கைபிடி. அவ்வளவுதான் அது. நிலாணி கொண்டையிலிருந்து கிளிப் ஒன்றை உருவி, அவன் கையிலிருந்த மேற்பகுதியை வாங்கி, தான் வைத்த சந்தனத்தைத் தானே சுரண்டத் தொடங்கினாள். அவன் குழலுக்குள் துணிக்கம்பியை விட்டு இழுத்தான். மஞ்சளாக வந்தது, பிறகு வெள்ளையாக வந்தது.

"காட்டுங்கோ," என்றாள். குழலை வாங்கி, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தாள். உள்ளே வெள்ளிக் கோடுகள் சுழன்று சுழன்று ஒரு சிறு வெளிச்சப் பொட்டை நோக்கிப் போயின. பெரிய மண்டபம் ஒன்றின் கூரையைப் படுத்திருந்து பார்ப்பது மாதிரி இருந்திருக்க வேண்டும். அவள் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை," என்றாள் கடைசியில்.

பிஸ்டலைத் திரும்பப் பொருத்தி, அந்த ஒரே கம்பனியின் ரவைகளைப் போட்டு, வாகீசன் சுடும் கோட்டில் நின்றான். நிலாணி கவசத்தைப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பின்னால், வாங்கில் இருந்தாள். அவள் தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன. அவன் மூச்சை விட்டான். வட்டம் இன்றைக்கு எதுவாகவும் மாறவில்லை. வெறும் மையில் அச்சடித்த வட்டமாகவே நின்றது.

சுட்டான். வெடிமருந்துப் புகையோடு சேர்ந்து கோயிலில் மணக்கிற மணம் வந்தது.

நிலாணி கண்ணை மூடியிருந்தாள். திறந்ததும், கவசம் போட்டிருப்பதை மறந்து, உரத்துக் கேட்டாள்:

"எங்க விழுந்தது?"

அந்தக் கேள்வியை அவள் யோசித்துக் கேட்கவில்லை. அது வாயிலேயே இருந்தது. ஊரில் ஷெல் குண்டு வெடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் இருட்டுக்குள் யாராவது ஒருவர் அதைக் கேட்பார்கள். பதில் ஒரு வீதியின் பெயராகவோ ஒரு வீட்டுக்காரரின் பெயராகவோ வரும். வாகீசனும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். பதில் வரும்வரை நெஞ்சு எங்கே போய் நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பிஸ்டலை வைத்துவிட்டு, ஆழிப் பொத்தானை அழுத்திக் கடதாசியைக் கம்பி வழியே வரவைத்தான். அது ஆடி ஆடி வந்தது. கழற்றி அவள் மடியில் வைத்தான்.

"இஞ்சை," என்றான். "கடதாசியில. கொஞ்சம் இடப்பக்கம்."

அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். சுண்டுவிரல் நுனி போகாத அளவு ஓட்டை. கடதாசியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், வேறெங்காவது பட்டிருக்கிறதோ என்று. ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கமும் அதே ஓட்டை. அதற்கப்பால் ஒரு செய்தியும் இல்லை.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"இன்னொருக்காச் சுடுங்கோ."

சுட்டான். எங்க, என்று கேட்டாள். வட்டத்துக்கு வெளியில, என்றான். சுட்டான். எங்க? முதல் பட்டதுக்குக் கீழ. அவள் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. பக்கத்தில் கஸ்பர் சுடுவதை நிறுத்திவிட்டு, தன் மாப்பிள்ளை தொண்டையில் சிக்கவைத்த ரவையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"சரி," என்றாள் நிலாணி ஒரு கட்டத்தில், யாருக்கென்று இல்லாமல். "உது அங்கயே இருக்கட்டும். அலுமாரிக்குள்ளயே."

வாகீசன் தலையாட்டினான். மீண்டும் சுட்டான். கேள்வி வரவில்லை. இன்னொன்று சுட்டான். அப்போதும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். நிலாணி சுவரில் தலை சாய்த்து, கடதாசி மடியில் இருக்க, நித்திரையாகிப் போயிருந்தாள். வாய் சற்றே திறந்திருந்தது. பக்கத்துத் தடத்தில் யாரோ பெரிய துவக்கொன்றால் சுட்டார்கள், வாங்குகூட அதிர்ந்தது. அவள் அசையவில்லை.

கஸ்பர் சைகையால் கேட்டான்: எழுப்பவோ?

வாகீசன் வேண்டாமென்று கையசைத்தான். ரவைக்கூட்டைக் கழற்றினான். பிஸ்டலின் வாயைத் திறந்து மேசையில் வைத்தான். பிறகு வாங்கில் அவளுக்குப் பக்கத்தில், பலகை கிறீச்சிடாதபடி மெல்ல மெல்ல, இருந்தான்.