முப்பத்தாறு மீட்டர்

மாணவிகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சூத்திரம் டீச்சர். எதைக் கேட்டாலும் ஓர் இயற்பியல் சூத்திரத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தம்பி சொன்னதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவனாயிற்றே.

தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன். திங்கட்கிழமை காலை, சைக்கிளில் வந்த ஒரு தையல்காரம்மாவை இடித்துவிட்டான். இடுப்பெலும்பு நொறுங்கி அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"நாப்பதுலதான்க்கா போனேன். அவங்கதான் திடீர்னு குறுக்க வந்துட்டாங்க" என்று அழுதான். போலீஸிலும் அப்படியே எழுதிக் கொடுத்தான். பார்த்த சாட்சி யாருமில்லை.

புதன்கிழமை பள்ளிக்குப் போகிற வழியில் அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். டயர் தேய்த்த கறுப்புக் கோடு சாலையில் நீண்டுகொண்டே போனது. நடுவில், சைக்கிள் விழுந்த இடத்தில், போலீஸ் போட்ட சுண்ணாம்பு வட்டம். மாலையில் ஆய்வுக்கூடத்து அளவு நாடாவுடன் திரும்பி வந்தாள். வட்டம் வரைக்கும் இருபது மீட்டர். கோடு முடிகிற வரைக்கும் முப்பத்தாறு.

பிரேக் பிடித்த வண்டி சும்மா நிற்காது. அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு வேலை செய்து தின்று தீர்க்க வேண்டும். அந்த வேலை பிடித்த தூரம்தான் அந்தக் கோடு. நாற்பதில் வந்திருந்தால் ஒன்பது மீட்டர் போதும்.

"கோடு முப்பத்தாறு மீட்டர். நாப்பதுல வந்திருந்தா ஒன்பதுதான் விழுந்திருக்கும். எண்பதுல போயிருக்க" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

தம்பி நிமிரவில்லை. "வேகம் ரெண்டு மடங்குன்னா தூரமும் ரெண்டு மடங்குதானே? பதினெட்டுதானே வரணும்?"

"இல்லடா. வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு, தூரமும் நாலு மடங்கு. நாப்பதுல வந்திருந்தா அவங்களுக்குப் பதினோரு மீட்டர் முன்னாடியே நின்னிருப்ப."

அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "வாய மூடுடி! உன் கணக்கு அவன் பொழப்புல மண்ணள்ளிப் போடும்."

"பத்து மணிக்குள்ள சரக்கு இறக்கணும்னு போன் மேல போன்க்கா" என்றான் தம்பி. "நீ சொல்லிடுவியா?"

"நீ சொல்லணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ சொல்லலன்னா, நான் சொல்லுவேன்."

மறுநாள் காலை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான். போலீஸில் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாமல் திரும்பினான். அக்காவைத் தாண்டி, முகம் பார்க்காமல் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். அம்மா அவளோடு பேச்சை நிறுத்தினாள்.

சனிக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தான் யாரென்று சொல்லி, நடந்ததையும் சொன்னாள்.

"நான்தான் குறுக்க வந்தேன்னு எல்லாரும் சொன்னாங்கம்மா" என்றாள் தையல்காரம்மா. "கேட்டுக் கேட்டு, நானும் அப்படியே நம்பிட்டேன்."